பழைய மாருதி 800-ம் இ20 பெட்ரோலும்: முதலில் ரப்பரைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: நான் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். 1998-ல் வாங்கிய கார்புரேட்டர் மாருதி 800 இன்னும் என்னிடம் இருக்கிறது. வாரம் ஒருமுறை சுவாமிமலை, எப்போதாவது மயிலாடுதுறை, அவ்வளவுதான் ஓட்டம். கொஞ்ச நாளாகக் காலையில் ஷெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி தயங்கி, இருமிவிட்டுத்தான் வண்டி இழுக்கிறது. லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி இப்போது 14 தான் தருகிறது. "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் பண்ற வேலை சார், இன்ஜினே சீஸ் ஆகிடும்" என்கிறார் எங்கள் மெக்கானிக். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிற இ20-ஐத்தான் சொல்கிறார். எத்தனாலை முறிக்கும் மருந்து என்று ஒரு கடையில் பாட்டில் கொடுத்தார்கள். அதை ஊற்றலாமா, இல்லை எக்ஸ்பி95 பிரீமியம் பெட்ரோல் போட்டால் சரியாகுமா? இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்று வேறு வாட்ஸ்அப்பில் வருகிறது. வண்டியை விற்றுவிடு என்கிறான் மகன். அவனிடம் இருப்பது 2011 வேகன் ஆர். அதற்கும் இதே கதிதானா?

பதில்:

சார், மைலேஜ், மருந்து, இன்ஷூரன்ஸ் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். காலையில் ஷெட்டைத் திறந்தால் வாடை அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஒன்றுதான் அவசரம். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சரி செய்கிற வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஷெட் கதவைத் திறந்து வையுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பழைய கார்கள் தீப்பிடிப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை. இன்ஜின் புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் விரிசல் விட்ட ஒரு சாண் ரப்பர் ஹோஸ் போதும்.

வாடை எப்போது வருகிறது என்பதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். பெட்ரோல் போட்டுவிட்டு வந்த அன்று மட்டும், அதுவும் டேங்க் நிறைய இருக்கும்போது, வண்டியின் பின்பக்கம் வாடை அடித்தால் அது ஃபில்லர் ஹோஸ். பெட்ரோல் ஊற்றும் வாயையும் டேங்கையும் இணைக்கிற தடித்த ரப்பர் குழாய் அது. அதோடு மெல்லிய பிரீத்தர் குழாய் ஒன்றும் போகும். இரண்டையும் யாரும் மாற்றுவதே இல்லை, ஏனென்றால் குனிந்து பார்த்தால்கூடச் சரியாகத் தெரியாது. இன்ஜின் பக்கம் வாடை என்றால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் மூன்றையும் இணைக்கும் சின்ன ஹோஸ்களைப் பாருங்கள். ஹோஸ் எல்லாம் நன்றாக இருந்தும் கார்புரேட்டர் மேல் ஈரம் தெரிந்தால் அதிலுள்ள மிதவை (ஃப்ளோட்) அறையின் ஊசி வால்வு சரியாக உட்காரவில்லை, பெட்ரோல் நிரம்பி வழிகிறது என்று அர்த்தம்.

நான்காவதாக ஒரு இடம் இருக்கிறது, அதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வண்டியில் பெட்ரோல் பம்ப் எலக்ட்ரிக் இல்லை. இன்ஜின் தலையிலேயே மாட்டியிருக்கிற, கேம்ஷாஃப்ட் தள்ளுவதால் வேலை செய்கிற மெக்கானிக்கல் பம்ப். அதற்குள் டயஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அது கிழிந்தால் பெட்ரோல் வெளியே மட்டுமல்ல, இன்ஜின் ஆயிலுக்குள்ளும் இறங்கலாம். ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றிய அளவைவிட ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ பெரும்பாலும் டயஃப்ரம் போய்விட்டது. ஆயிலும் ஃபில்டரும் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

உங்கள் மெக்கானிக் சொல்லும் "சீஸ்", அதாவது இன்ஜின் இறுகிப் பிடித்து நின்றுபோவது, பெரும்பாலும் இந்த வழியில்தான் வரும். எத்தனால் நேராகப் போய் பிஸ்டனையோ பேரிங்கையோ பிடித்துவிடாது. பெட்ரோல் கலந்து தண்ணீர் போலாகிவிட்ட ஆயிலோடு மாதக்கணக்கில் ஓட்டினால் பேரிங் தேயும், கடைசியில் பிடிக்கும். அது நடப்பதற்கு முன்னால் டிப்ஸ்டிக் பல தடவை எச்சரித்திருக்கும். அதனால் அவர் பயத்தைத் தள்ளிவிட வேண்டாம், அந்தப் பயத்தை டயஃப்ரம் பக்கம் திருப்பிவிடுங்கள்.

எத்தனால் இதில் என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறேன். 1998-ல் உங்கள் வண்டி தயாரானபோது இங்கே பெட்ரோலில் எத்தனால் கலப்பு கிடையாது. 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவீதம் என்று தொடங்கினார்கள். பல வருடம் பேருக்குத்தான் நடந்தது, பாதி நாள் கலப்பே இருக்காது. 2022 ஜூனில் நாடு முழுக்கச் சராசரி 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பான இ20 விற்பனைக்கு வந்தது. 2025-ல் பங்க்குகளில் சாதாரணப் பெட்ரோல் என்றாலே அதுதான் என்றாகிவிட்டது. 2030-க்குள் 20 என்று முதலில் வைத்த இலக்கை ஐந்து வருடம் முன்னே இழுத்துவிட்டார்கள். உங்கள் காரில் இருக்கும் ஹோஸ், வாஷர், டயஃப்ரம் எதுவும் இந்த வேகத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல.

அந்தக் காலத்து ஹோஸ்கள் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். சுத்தமான பெட்ரோலை அது நன்றாகவே தாங்கும். எத்தனாலின் மூலக்கூறு சின்னது, ரப்பருக்குள் புகுந்துவிடும். ரப்பர் அப்பளம் ஊறுகிற மாதிரி ஊறி, உப்பி, மெத்தென்று ஆகும். ரப்பரை வளைந்துகொடுக்க வைக்கிற எண்ணெய்ப் பொருட்களையும் எத்தனால் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் வண்டி நிற்கும்போது ஹோஸ் காய்கிறது. காய்ந்தால் சுருங்கி விறைத்துப் போகும், மடக்கினால் வெடிக்கும். தினமும் ஓடுகிற வண்டியில் ரப்பர் எப்போதும் நனைந்தே இருக்கும். உங்கள் வண்டியைப் போல வாரம் ஒருநாள் நனைந்து ஆறு நாள் காய்கிற ஹோஸ்தான் சீக்கிரம் போகிறது. குறைவாக ஓட்டுகிறோம், வண்டி பத்திரமாக இருக்கும் என்று நினைப்போம். எரிபொருள் லைனைப் பொறுத்தவரை அது தலைகீழ்.

எங்கள் ஒர்க் ஷாப்பில் இப்படிப்பட்ட ஹோஸ்களைக் கழற்றினால் முதலில் ஒரு முனையிலிருந்து கத்தியால் நீளவாக்கில் பிளந்துவிடுவேன். வெளியே லேசான வெடிப்பு மட்டும்தான் தெரியும், சிலவற்றில் அதுகூட இருக்காது. உள்பக்கம் கதையே வேறு. சுவர் மெழுகு போல வழுவழுவென்று, விரல் வைத்தால் கறுப்பாக ஒட்டும். சில இடங்களில் தோல் உரிந்து மடிந்து பாதி வழியை அடைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கறுப்புத் துகள்தான் ஃபில்டரிலும், ஃபில்டரைத் தாண்டினால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான ஜெட்டிலும் போய் உட்காருகிறது. ஆகவே ஹோஸை வெளியிலிருந்து அமுக்கிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். கால் நூற்றாண்டு தாண்டிய ரப்பர் எத்தனால் இல்லாவிட்டாலும் போயிருக்கும். எத்தனால் அதை அவசரப்படுத்தியது, அவ்வளவே. எல்லாப் பழியையும் பெட்ரோல் மேல் போட்டுவிட்டால் மாற்ற வேண்டிய பொருளை மாற்றாமலே இருந்துவிடுவோம்.

என்ன வாங்குவது? கடையில் "பெட்ரோல் டியூப்" என்று மட்டும் கேட்டால் கைக்குக் கிடைத்ததைக் கொடுப்பார்கள். ஹோஸின் மேலேயே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். உள்சுவர் ஃப்ளூரோ ரப்பரால் ஆனது, எத்தனாலுக்கு அசையாது. சில கடைக்காரர்களுக்கு "விட்டான் ஹோஸ்" என்று சொன்னால்தான் புரியும். கும்பகோணத்தில் இல்லையென்றால் திருச்சியில் கேளுங்கள், அங்கேயும் இல்லையென்றால் சென்னை ஜி.பி. ரோடு. பைக்குக்குப் போடுகிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூபை யாராவது தற்காலிகமாக மாட்டிவிட்டால் அன்றே கழற்றச் சொல்லுங்கள். சூட்டில் அது விறைத்து, ஒருநாள் தானாகவே நழுவும். கிளிப்பும் புதிதாகப் போடுங்கள். ஹோஸ் எத்தனை நல்லதானாலும் பழைய துருப்பிடித்த கிளிப் அதை அறுத்துவிடும்.

மாற்ற வேண்டியவை: டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை இரும்புக் குழாயின் முனைகளில் இருக்கும் எல்லா ரப்பர் ஹோஸ்களும், திரும்பி டேங்க்குக்குப் போகும் ரிட்டர்ன் ஹோஸும், ஃபில்லர் ஹோஸ், பிரீத்தர், டேங்க் மூடியின் வாஷர், பெட்ரோல் ஃபில்டர், பம்ப்பின் டயஃப்ரம் (தனியாகக் கிடைக்காவிட்டால் பம்ப்பையே), கார்புரேட்டர் கிட். கிட்டில் கேஸ்கெட், ஓ-ரிங், ஊசி வால்வு எல்லாம் வரும். ஃப்ளோட் பிளாஸ்டிக்காக இருந்தால் பெட்ரோலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் ஊறி கனத்துப் போன ஃப்ளோட் தாழ மிதக்கும், அதனால் வால்வு மூடாது, வழியும். கார்புரேட்டரைப் பிரிக்கும்போது கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து வார்ப்பு உலோகத்தை அரித்த தடம் அது. லேசாக இருந்தால் சுத்தம் செய்தால் போதும்.

இனி அந்தத் தயக்கத்துக்கு வருவோம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்ஸிஜனாகவே இருக்கிறது. இ20-க்கு இந்தக் கணக்கு சுமார் 13.5-க்கு இறங்குகிறது. கார்புரேட்டருக்கு இதெல்லாம் தெரியாது. ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். ஆக, முன்பு சரியாக இருந்த கலவை இப்போது காற்று மிகுந்து எட்டு சதவீதம் போல மெலிந்துவிடுகிறது. திடீரென்று மிதிக்கும்போது காற்று முந்திக்கொண்டு உள்ளே போகும், பெட்ரோல் பின்தங்கும். நீங்கள் "இருமல்" என்று எழுதியிருப்பது இதுதான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி செங்கல் பழுப்பாக இருந்தால் நல்லது, சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் கலவை மெலிந்திருக்கிறது.

பயப்பட வேண்டியதில்லை. அந்தக் காலத்துக் கார்புரேட்டர் வண்டிகளைக் கம்பெனியிலேயே கொஞ்சம் பெட்ரோல் தூக்கலாகத்தான் செட் செய்து அனுப்பினார்கள், அதனால் இந்த மெலிவை இன்ஜின் பெரும்பாலும் சமாளித்துவிடும். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, ஃப்ளோட் மட்டத்தைச் சரியாக வைத்து, ஐடிலிங் கலவை ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்தாலே பாதிப் பேருக்குத் தயக்கம் போய்விடுகிறது. போகாவிட்டால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரியதாக மாற்றலாம். மாற்ற வேண்டும் என்றுதான் சொல்கிறேன். இருக்கிற ஜெட்டில் ஊசியை விட்டுக் குத்தி ஓட்டையைப் பெரிதாக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. பித்தளை ஜெட் அதற்குப் பிறகு எந்த அளவுக்கும் அடங்காது. வேலை முடிந்ததும் புகைப் பரிசோதனை மையத்தில் கார்பன் மோனாக்ஸைடு அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வண்டியின் வயதுக்கு ஐடிலிங்கில் 3 சதவீதம் வரை அனுமதி உண்டு. எத்தனால் அந்த அளவை இறக்கியிருக்கும், எனவே கலவையில் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்ட இடம் இருக்கிறது.

கோடையில் மயிலாடுதுறை போய்த் திரும்பும்போது வண்டி நின்று, அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனால் அது வேறு சங்கதி. சூட்டில் பம்ப்புக்குள்ளும் ஹோஸுக்குள்ளும் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் சீக்கிரம் ஆவியாகும், பம்ப்போ சூடான இன்ஜினிலேயே உட்கார்ந்திருக்கிறது. அம்பாசிடர் ஓட்டியவர்கள் பம்ப் மேல் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு திரிந்தது இதற்காகத்தான், இன்றைக்கும் வழியில் அதைவிட நல்ல வைத்தியம் இல்லை. நிரந்தரமாக வேண்டுமென்றால் ஹோஸை மேனிஃபோல்டிலிருந்து தள்ளிப் போட்டு, மேலே வெப்பம் தாங்கும் உறை மாட்டலாம்.

மைலேஜ். நீங்கள் கொடுத்த எண்ணே பதிலைச் சொல்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் மொத்தச் சக்தியில் ஆறு, ஏழு சதவீதம் குறைய வேண்டும். நீதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையும் கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்த கார்களுக்கு அதே 6 முதல் 7 சதவீதத்தைத்தான் சொல்கிறது. 17-ல் ஏழு சதவீதம் என்றால் ஒன்று, ஒன்றே கால் கிலோமீட்டர். உங்களுக்கு 15.8 கிடைக்க வேண்டும். 14 தான் வருகிறது என்றால் மீதி ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டரை எத்தனால் தின்னவில்லை. கொஞ்சம் ஷெட்டில் வாடையாகப் போகிறது. கொஞ்சம் ஒழுகும் ஊசி வால்வில் போகிறது. பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா, டயரில் காற்று சரியா, சோக் முழுதாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். நிறைய ஒர்க் ஷாப்களில் இப்போது இந்தச் சோதனை எதையும் செய்யாமல் "எத்தனால்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. மறுபக்கம், மைலேஜ் குறையவே குறையாது என்று பேசுகிறவர்களும் இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பார்க்கலாம்.

தண்ணீர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் காவிரிக் கரை ஈரத்தில் நிற்கிற வண்டிக்கு அதையும் சொல்ல வேண்டும். எத்தனால் தண்ணீரைத் தன்னோடு கலந்து வைத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் என்றால் நல்லதுதான், பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து போய்விடும். ஒரு எல்லையைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான், அதனால் வண்டி உடனே நின்றுவிடும். இந்தத் தண்ணீர் காற்றிலிருந்து ஒரே ராத்திரியில் வந்துவிடாது, அந்தப் பயம் கொஞ்சம் மிகை. பெரும்பாலும் விறைத்துப்போன மூடி வாஷர் வழியாக மழைநீர் இறங்கும், அல்லது பங்க்கின் நிலத்தடி டேங்க்கிலிருந்தே வரும். சந்தேகம் இருந்தால் டேங்க்கிலிருந்து அரை லிட்டரைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, வெளியே நிழலில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் பிரிந்து கோடு தெரிந்தால் டேங்க்கை இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரே மாதிரி தெளிவாக இருந்தால் டேங்க்கைத் தொட வேண்டாம். "எத்தனால் வந்துடுச்சு, டேங்க் கிளீனிங் கட்டாயம்" என்று யாராவது சொன்னால் இந்தப் பாட்டிலைக் காட்டுங்கள்.

அந்த மருந்துப் பாட்டிலை ஊற்ற வேண்டாம். பெட்ரோலில் கலந்த எத்தனாலை எந்த மருந்தும் முறிக்காது, போன ரப்பரையும் திருப்பிக் கொண்டுவராது. துருவைத் தடுக்கும் சேர்மானங்கள் என்று சில உண்டு. மாதக்கணக்கில் நிறுத்தப் போகிற வண்டிக்கு அவை ஓரளவு உதவும், உங்களுக்கு அவசியமில்லை. பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி எத்தனாலைப் பிரித்தெடுக்கும் வீடியோக்களையும் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு கலப்பு இருக்கிறது என்று அளந்து பார்க்க அது நல்ல வழி. பிரித்த பெட்ரோலை வண்டியில் ஊற்றுவது முட்டாள்தனம். எத்தனாலோடு ஆக்டேனும் (இன்ஜின் தட்டாமல் எரியும் தன்மை) போய்விடும், தண்ணீர் மிச்சம் இருக்கும், அத்தனை பெட்ரோலைத் திறந்த வாளியில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள்.

எக்ஸ்பி95 விஷயம் சுருக்கம்தான். ஆக்டேன் எண்ணுக்கும் எத்தனால் இல்லாமைக்கும் சம்பந்தம் இல்லை. எத்தனாலே ஆக்டேனைக் கூட்டுகிற பொருள்தான். பேரில் பிரீமியம் என்று இருப்பதால் கலப்பு இருக்காது என்று எண்ணிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். 800-ன் இன்ஜினுக்கு அந்த ஆக்டேன் தேவையும் இல்லை. மிச்சமாகும் காசில் ஆர்9 ஹோஸ் வாங்குங்கள்.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 சதவீதக் கலப்பைச் சாதாரணப் பெட்ரோலாக்கியபோது, பழைய கார்களுக்கென்று 5 சதவீதத்துக்கு மேல் போகாத சூப்பர் பெட்ரோலைப் பங்க்கில் விட்டுவைத்தார்கள். அமெரிக்காவில் 15 சதவீதக் கலப்பை 2001-க்கு முந்தைய மாடல் கார்களில் போடவே அனுமதி இல்லை. இங்கே இரண்டும் கிடையாது. கலப்பில்லாத பெட்ரோலையும் விற்கச் சொல்ல வேண்டும் என்று தொடுத்த பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. அந்நியச் செலாவணி மிச்சம், கரும்பு விவசாயிக்கு வருமானம் என்ற காரணங்களை நான் மறுக்கவில்லை, உங்கள் பக்கத்துக் கரும்பு வயல்களுக்கு அது நல்ல சேதி. ஆனாலும் பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு ஒரு முனையில் ஒரு பம்ப்பாவது இருந்திருக்கலாம். பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்ட்டில் கொடுத்த விளக்கத்தில், பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம், செலவு குறைவுதான் என்று சொன்னது. செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் அது கிலோமீட்டர் கணக்கு. வருடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற உங்கள் வண்டிக்கு நாள்காட்டியைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்ற செய்தியையும் அதே மாதத்தில் அமைச்சகம் மறுத்துவிட்டது. தேய்மானத்துக்கு எந்த பாலிசியும் எப்போதும் பணம் தராது, அதனால் ஹோஸுக்கோ பம்ப்புக்கோ எதிர்பார்க்காதீர்கள். தீ விபத்துக்குத் தரும், ஆனால் சொந்த சேதத்துக்கான பாலிசி இருந்தால்தான். பழைய வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருப்பவர்கள்தான் அதிகம். உங்களுடையது எது என்று எடுத்துப் பாருங்கள். டிரைவர் சீட் அருகே சின்ன தீயணைப்பான் ஒன்றும் இருக்கட்டும்.

மகனுடைய வேகன் ஆருக்குக் கவலை குறைவு. அது எம்.பி.எஃப்.ஐ., அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டி, எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. கலவை மெலிந்தால் சென்சார் சொல்லும், கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்துவைக்கும். ஏழெட்டு சதவீதத்தைச் சரிக்கட்ட அதற்கு இடம் இருக்கிறது. செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் "லீன்" (கலவை மெலிவு) என்று பிழைக் குறியீடு வந்தால் முதலில் டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பின் பிரஷரையும் அடைத்த ஃபில்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளைப் போல அதன் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இ20-க்கென்று தயாரானவை அல்ல, அதனால் சர்வீஸின்போது ஹோஸ்களையும் இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

விற்பதா? இ20-க்காக விற்க வேண்டாம் சார். நான் சொன்ன சாமான்கள் எல்லாம் கூலியோடு சேர்ந்து சில ஆயிரத்தில் முடியும். உங்கள் வண்டிக்கு எஃப்.சி., அதாவது பதிவுப் புதுப்பிப்பு, 2028-ல் வரும். இருபது வயது தாண்டிய கார்களுக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025-ல் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். விற்கிற யோசனை இருந்தால் அந்தக் கணக்கைப் போட்டு முடிவு செய்யுங்கள், அடிபாகத் துருவையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோலைக் காரணம் காட்டி வருகிற பழைய வண்டி புரோக்கருக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வைத்துக்கொள்வதானால் பழக்கத்தில் இரண்டு மாற்றம். டேங்க்கை நிரப்பி மாதக்கணக்கில் வைக்காமல் பத்து லிட்டர் போல அடிக்கடி போடுங்கள், விற்பனை அதிகமுள்ள பங்க்கில். வாரத்தில் இன்னொரு நாளும் எடுத்து, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். ஷெட்டிலேயே ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது கணக்கில் வராது. மகன் வீட்டுக்கு இரண்டு மூன்று மாதம் போகிறீர்கள் என்றால் டேங்க்கைக் காலி செய்துவிட்டு, பம்ப்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றி அடைத்து, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

புது ஹோஸ் போட்ட பிறகு ஃபில்டரை அப்படியே மறந்துவிட வேண்டாம். டேங்க்கிலும் இரும்புக் குழாயிலும் பழைய கசடு இருந்தால் முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே அதை அடைத்துவிடும், எனவே இரண்டு ஃபில்டராக வாங்கி ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள். மாற்றி மாட்டிய மறுநாள் காலை ஷெட்டைத் திறந்ததும் வாடை இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள். இருந்தால் ஃபில்லர் ஹோஸைத்தான் மெக்கானிக் மாற்றாமல் விட்டிருப்பார்.